உமி பூசிய சுவர்

உமி பூசிய பிறகு தன் வீடு ஜில்லென்று இருப்பதாக ஆசீர்வாதம் சார் சொல்வதை நான் பல வருஷமாக நம்பவில்லை. முகத்துக்கு நேராகக் கேட்கவுமில்லை. அது மரியாதையா, பயமா என்று எனக்கே தெரியாது.

வண்டியூரில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே கருங்கல் சுவர். அவர் ரிட்டயர்டு வாத்தியார், தனி ஆள். நாங்கள் குடிவந்த முதல் கோடையிலேயே அவர் வாசலில் உமி மூட்டைகள் இறங்கின. கூடவே களிமண், சுண்ணாம்பு, தேங்காய் நார்.

"என்ன சார், கோழிப்பண்ணை வைக்கப் போறீகளா?" என்றான் டீக்கடைக் காளை.

"கல்லு வீடுப்பா. பகல்ல குடிச்ச வெயிலை ராத்திரி பூரா கக்குது. இதையெல்லாம் குழைச்சு உள்ள பூசிட்டா வெக்கை அண்டாது."

அவர் போனதும் காளை என்னிடம் கண்ணடித்தான். "இம்புட்டு பென்சன் வாங்குறாரு. ஒரு ஏசி போட மனசு வருதா பாருங்கண்ணே!"

நானும் சிரித்து வைத்தேன். என் கவலை வேறு.

என் மகன் ராகேஷுக்குப் பேச்சு வராது. வளர்ந்த பிள்ளை, திடீர் திடீரென்று அலறுவான். சத்தம் தாங்கவில்லை என்று ஏற்கனவே இரண்டு வீடுகளில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். யார் கதவைத் தட்டினாலும் என் மனைவி சூடாமணிக்கு முகம் வெளுத்துவிடும்.

சார் ஒருநாளும் தட்டியதில்லை.

ஒவ்வொரு மே மாதமும் வாசலில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருப்பார்.

"உள்ள எப்படி சார் இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்கு தம்பி."

சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும். பூச்சு பலிக்கவில்லை, ஒத்துக்கொள்ள மனசில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் அவருக்குக் காய்ச்சல். கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அவர் படுக்கிற அறைக்குள் அன்றுதான் முதல் தடவையாக நுழைந்தேன். அடுப்படி மாதிரி அனல்.

மேற்குச் சுவரில் கை வைத்தேன். சுட்டது. வெறும் கல். தெற்கும் வெறும் கல்தான்.

ஒரே ஒரு சுவரில் மட்டும் நாலு விரல் கனத்துக்குப் பூச்சு. எங்கள் வீட்டை ஒட்டிய சுவர்.

அந்தப் பக்கம் ராகேஷ் அலற ஆரம்பித்தான். இங்கே அது பூனைக்குட்டி முனகுவதுபோலக் கேட்டது.

சார் கண்ணை மூடிக்கொண்டார், தூங்குகிறவர் மாதிரி.

கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"நடுச்சுவர்ல எந்த வெயில் சார் அடிக்குது?"