உள்ளூருக்குத் தடை

"ஐசே, மூண்டாவது வரிசையில நீலத் தொப்பியோட நிக்கிறவனை ஒருக்கா வடிவாப் பாரும். என்ர மகன் ரஜிதன் மாதிரி இல்லையோ?"

இராசநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். டொரொன்டோ மைதானம் முழுக்க நீலத் தொப்பிகள்தான். "ஓம், அவன்ர சாயல்தான்" என்றார்.

உலகத்தின் இந்தக் கரையில், லின்ஃபீல்டில், ஞாயிறு மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. டொரொன்டோவில் இன்னும் சனி இரவு. தன் வீட்டு ஹாலில் குலசிங்கத்தாரும் நீலத் தொப்பியோடுதான் வீற்றிருந்தார். இராசநாயகத்துக்கு பேஸ்பால் விளங்காது. ஆனாலும் தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிரிஜ் மட்டும்தான் சத்தம் போடும் என்பதால், வாராவாரம் இங்கே வந்துவிடுவார்.

குலசிங்கத்தாருக்கோ ஆட்டத்தைப் பார்ப்பதைவிட, அதை எப்படிப் பார்ப்பது என்று விளக்குவதில்தான் விருப்பம்.

"டிவியில எல்லா மட்சும் வராது, ஐசே. ஆப்புக்குச் சந்தா கட்டவேணும். பிறகு போனை டிவியோட இணைக்கவேணும். சத்தத்துக்கு இந்தா, புது ஸ்பீக்கர். போனில எது கேட்டாலும் இதாலதான் வரும். மைதானத்துக்குள்ள இருக்கிற மாதிரி இல்லையோ?"

"ஓம், காது அடைக்குது."

"இன்னொரு விசயம். டொரொன்டோவில இருக்கிறவைக்கு இந்த ஆப்பில டொரொன்டோ மட்சைக் காட்டமாட்டான். உள்ளூருக்குத் தடை. தூர இருக்கிறவனுக்குத்தான் தெரியும்."

"அப்ப ரஜிதன் எப்பிடிப் பாக்கிறான்? ரெண்டு பேரும் ஒரே கணக்கிலதான் பாக்கிறம் எண்டு சொன்னனீங்கள்?"

குலசிங்கத்தார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அவன் கம்ப்யூட்டர்காரன். அவனுக்கு ஆர் தடை போடுறது?"

மேசையில் மூன்று தட்டுகளில் மீன் கட்லட் இருந்தது. இருப்பதோ இரண்டு பேர்.

"மற்றத் தட்டு ஆருக்கு?"

"சாமிக்கு."

மீன் கட்லட் சாப்பிடும் சாமியைப் பற்றி இராசநாயகம் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

"அது கிடக்கட்டும். உம்மட மகள் கஜானி இந்தக் கிழமையும் வரேல்லையோ?"

"பாலத்துக்கு அங்கால, ஆல்பனியில இருந்து வெளிக்கிட்டவள்தான். பாலத்தில டிராஃபிக் எண்டு திரும்பிட்டாள்."

"போன கிழமையும் பாலம். அதுக்கு முதல் கிழமையும் பாலம்." குலசிங்கத்தார் தொந்தி குலுங்கச் சிரித்தார். "அரை மணித்தியால ஓட்டம், ஐசே! பிள்ளையைப் பக்கத்தில வைச்சிருந்து என்ன பிரயோசனம்? என்ர பிள்ளை உலகத்தின்ர மற்றக் கரையில இருக்கிறான். ஆனா மட்ச் நடக்கேக்க ஒருக்காத் தன்னும் எடுக்காமல் விடமாட்டான். இரும், இண்டைக்கும் எடுப்பான்."

இராசநாயகம் கட்லட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அந்த அழைப்பு வராமல் போகட்டும் என்று மனம் ஆசைப்பட்டது. பாவம்தான். ஆனால் ஒரே ஒரு ஞாயிறாவது, இந்த மனுசனும் தன்னைப் போலப் போனையே பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாதா?

போன் அடித்தது.

"பாத்தீரோ!" குலசிங்கத்தார் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "டொரொன்டோ லைன். ஹாலில சிக்னல் இழுக்காது."

குசினிக்குள் போய்க் கதவை இறுகச் சாத்திக்கொண்டார்.

திரையில் ஆட்டம் உறைந்து நின்றது. பந்தை எறிய ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது. இராசநாயகம் சோபாவில் சாய்ந்து, அசையாத நீலத் தொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கிழமையும் தோற்றாயிற்று.

புது ஸ்பீக்கர் ஒருமுறை கரகரத்தது. பிறகு, மைதானத்துக்குள் இருப்பதுபோல அவ்வளவு துல்லியமாக, ரஜிதனின் குரல் ஹாலை நிறைத்தது.

"அப்பா, பாலத்தில சரியான டிராஃபிக். இண்டைக்கும் வரேலாது."