மூன்று கட்டு

“எட்டாவதோட நின்னவளுக்கு சிப்பு கட்டத் தெரியுமா?” என்று அத்தான் கேட்டார். அன்றைய சைக்கிள் பந்தயத்தில் முதலில் வருபவருக்கு மாநில அணியில் இடம்.

நேரம் பதிவாகும் சிப்பை முன்சக்கரத்துக்கு மேலே பிளாஸ்டிக் நாடாவால் கட்டினேன்.

“ஒண்ணு போதாது. இன்னும் ரெண்டு போடு. கழண்டுச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்.”

போட்டேன்.

அத்தான்தான் முதலில் கோட்டைத் தாண்டினார். நடுவர் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“உங்க நேரம் பதிவாகலையே தம்பி. சிப்பு வந்தாத்தான் கணக்கு.”

“வழியில பஞ்சர் சார். ஒருத்தர்கிட்ட வேற சைக்கிள் வாங்கிட்டு வந்தேன். சிப்பை மாத்தலாம்னு பல்லால கடிச்சுக்கூடப் பார்த்தேன். வரல.”

கடைசியில் பஞ்சரான சைக்கிளை யாரோ உருட்டிக்கொண்டு வந்தார்கள். அது கோட்டைத் தாண்டியதும் கணினியில் அத்தானின் பெயர் கடைசி இடத்தில் ஏறியது.

“கழலவே இல்ல அத்தான்” என்றேன்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.