ராணிக்கு ஒரு வரி

"நல்லாத்தான் செத்தீங்க மேடம். ஆனா கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க," என்றார் இயக்குநர். "மலை உச்சியிலேர்ந்து விழறீங்க. இன்னும் ரெண்டு செகண்ட் இழுக்கணும்."

அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, பதினேழாவது முறையாகச் செத்தாள்.

"பிரமாதம்! இதையும் தனி ஃபைலாப் போட்டுடலாம்," என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார் அவர். "அடுத்தது முதலை!"

குரல் கொடுப்பது அவள் தொழில். இந்த வீடியோ கேமில் அவள்தான் ராணி. அந்த நாட்டுக்கே ஒரே பெண். வாள், தீ, விஷம் என்று நாற்பத்தொரு விதமாகச் சாக வேண்டும், அவ்வளவுதான் வேலை. வீரர்கள் நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு ஃபைல் நிறையப் பேசித் தள்ளியிருந்தார்கள். அவர்களை விடுங்கள், ராணியின் குதிரைக்கே பதினொரு பக்க வசனம்!

"சார், எனக்கும் ஒரே ஒரு வரி குடுங்களேன். 'கதவைத் திற'ன்னாவது சொல்றேன். நீ என்னம்மா பேசினேன்னு என் பொண்ணு தினமும் கேக்கறா."

"ராணி மனசுல இருக்கறத எல்லாம் குதிரையே சொல்லிடுதேம்மா!"

அவளுக்குத் தொண்டை அடைத்து ஒரு சத்தம் வந்தது. விஷத்துக்கு ஆகும் என்று அதையும் பதிவு செய்துகொண்டார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். வீடியோ கேம்களில் பெண் குரலுக்கு இடமே இல்லையே என்று ஆராய்ந்துகொண்டிருந்த குழு, அவளுக்கு விருது கொடுக்கிறதாம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு பக்கம் பேச்சு எழுதி, மகளிடம் ஒப்பித்துக் காட்டினாள்.

விழா மேடையில் ஐந்து பேராசிரியர்கள், ஐந்து பேரும் ஆண்கள். பேசும்போதே குழுத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முன்னூறு கேமோட குரல் ஃபைல்களை எண்ணிப் பார்த்தோம். எல்லாத்துலயும் ஆண் குரல்தான் அதிகம். இது ஒண்ணுலதான் வீரர்களுக்கு நாப்பது, ராணிக்கு நாப்பத்தொண்ணு!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மா விருதை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் வந்து, நாலு பக்கத்தையும் பிரித்தாள்.

"எல்லாருக்கும்..."

தலைவர் பதறிப்போய் மைக்கைப் பொத்தினார்.

"பேச்செல்லாம் எதுக்கும்மா? முதலைகிட்ட மாட்டிச் சாவீங்களே, அதை மட்டும் ஒரு தடவை செத்துக் காட்டுங்க!"