ஆதன் வீடு வந்து சேர்ந்த கதை

ஒரே கதையின் இரண்டு பிரதிகளையும் நூலக மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தாள் அவள்.

மறுபடியும் பார்த்தாள்.

காலையில் வந்திறங்கிய புதுப் பிரதியில், ஆதன் மேகவாசலுக்குள் போகிறான். தூங்கிப்போன கடலை எழுப்ப அவனைவிட்டால் ஆளில்லை. போகிறான். கதவு சாத்திக்கொள்கிறது.

அவ்வளவுதான். கதை முடிந்தது.

பழைய பிரதியில் அதற்குப் பிறகும் ஆதன் இருக்கிறான். கால் நிறையச் சேற்றோடு வீட்டுக்கு வந்து நிற்கிறான். அம்மா சூடாகக் கஞ்சி ஊற்றுகிறாள்.

தப்பு அவளுடையதுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், நாலு மெல்லிய பாகங்களையும் அட்டை கழற்றி ஒன்றாகத் தைத்தவள் அவள். கிளை நூலகத்தில் பைண்டிங்குக்கென்று தனி ஆள் ஏது. அன்றைக்குக் கரண்டும் இல்லை. ஆதன் பாதி வழியில் பயந்து வீடு திரும்பும் மூன்றாம் பாகம், நான்காவதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒன்பது வருடமாக இந்த ஊரில் ஆதன் போனான், வந்தான்.

புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் கடைசி வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒரு வரி எழுத வேண்டும். அவள் போட்ட சட்டம். தாள் தீரத் தீர ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

விரலை வைத்துப் படித்தாள்.

'எப்பக் கூப்பிட்டாலும் வேற ஆளைப் பாருங்கன்னு சொல்றான். இவனெல்லாம் ஒரு ஹீரோவா. வேல்மயில், ஏழாம் வகுப்பு.'

'வாத்துக்குத் தீனி வைக்கணும்னு அவன் சொன்னது சாக்கு இல்லை. எங்க வீட்டிலயும் வாத்து இருக்கு. பர்கானா.'

'கதவு சாத்தின பிறகு எப்படி வந்தான்னு போடலை. மழையோட இறங்கியிருப்பான். அதான் சேறு.'

'இல்லை. கடல் முழிச்சிருச்சுல்ல. அதுவே தூக்கிட்டு வந்து விட்டிருக்கும்.'

'வாசல்காரன் அசந்த நேரம் பாத்து வந்துட்டான். நான் ஸ்கூல்லேர்ந்து அப்படித்தான் வருவேன். பேர் போட மாட்டேன்.'

நடுவில் பெரிய பெரிய எழுத்தில் ஒன்று.

'இவனுக்குப் பயம். எனக்கும்தான். சிக்கந்தர், டைலர், எதிர்க்கடை.'

அதன் கீழே, 'மாமா, இது சின்னப் பிள்ளைங்க புக்.'

அதன் கீழே, 'நான் நாலாப்போட நின்னவன். எனக்கும் பாத்தியதை உண்டு.'

வாசலில் நிழல் விழுந்தது.

சிக்கந்தரேதான். வெள்ளைச் சட்டை. தோளில் எப்போதும் கிடக்கும் அளவு நாடா இல்லை. அவருக்குப் பின்னால் ஆட்டோ நின்றது. அதற்குள் அவர் மனைவி, மடியில் பையோடு.

அவர் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று மாதம். இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். ஒரு முறை, நோன்புப் பெருநாள் துணி கிடக்கிறது என்றார். அடுத்த முறை, பள்ளிக்கூட யூனிபார்ம். அந்த அம்மாள் இந்த நூலகத்துப் படியில் உட்கார்ந்து அழுதது அவளுக்குத் தெரியும்.

"கிளம்பிட்டேன் தங்கச்சி. அந்த ஆதன் புக்கைக் குடுங்க. போயிட்டு வந்த பய. கையில இருக்கட்டும்."

அவள் எழவில்லை.

"புதுசு வந்திருக்கா? அதையே குடுங்களேன். பழசு நைஞ்சு கிடக்கே."

புது அட்டை மழை வெளிச்சத்தில் பளபளத்தது. அவர் கை அதை நோக்கி நீண்டது.

"அது இன்னும் பதிவேட்டுல ஏறலண்ணே."

பழையதை எடுத்தாள். கழிக்க வேண்டியவை என்று அவளே ஒட்டிய சீட்டு அதன் மேல் இருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தாள். அவர் வாங்கிப் பிரித்து, முதுகை ஒரு தடவு தடவினார். டைலர் அல்லவா.

"யாரு தைச்சது?"

"நான்தான்."

"தையல் கோணல். ஆனா பிடிப்பா இருக்கு."

அவள் புத்தகத்தைத் திரும்ப வாங்கினாள். கழித்த புத்தகத்தில் முத்திரை விழக்கூடாது என்பது விதி. தேதியைத் திருகி வைத்து, அழுத்திக் குத்தினாள்.

"பதினாலு நாள். நீங்களே கொண்டாந்து குடுக்கணும். ஆள்கிட்டக் குடுத்தனுப்புனா வாங்க மாட்டேன்."

"என்ன அதிகாரம், கலெக்டர் கெட்டாங்க" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே ஏறினார்.

தெருமுனையில் மழை வெள்ளையாக நின்றது.

ஆட்டோ அதற்குள் போனது.

மழை சாத்திக்கொண்டது.

மறுநாள் பர்கானாவின் தங்கை வந்தாள். புதுப் பிரதியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. கடலை எழுப்பப் போகும் கதையைப் படிக்கிறவள் அல்லவா, கூப்பிட்டாலும் காது கேட்கவில்லை.

நாலு மணிக்குக் கடைசிப் பக்கம்.

திருப்பினாள். வெள்ளை. இன்னொரு தாளையும் திருப்பிப் பார்த்தாள். யாருமே ஒன்றும் எழுதாத வெள்ளை.

பென்சிலை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, கதவு சாத்திருச்சே. அவன் வந்தானா, வரலையா? நான் என்னன்னு எழுத?"

எதிர்க்கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. ஓடையாய் ஓடிய தண்ணீர் அதன் படியைத் தொட்டுப் போனது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எழுதாதே பிள்ளை" என்றாள். "இன்னும் பதிமூணு நாள் இருக்கு."