ஆளுக்குப் பாதி

மாத்திரை டப்பாவைத் திருப்பிக் கேட்டாள்.

சவரிமுத்து உடனே கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடி அதை மடியில் இறுக்கிக்கொண்டு, மருந்தை ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டார்.

டப்பாக்களைத் திரும்ப வாங்க வேறு ஆட்கள் உண்டு. அவளேதான் வருகிறேன் என்று வந்திருந்தாள்.

நடுக்குவாதத்துக்கான அந்த மருந்தின் மூலக்கூறு அவள் வரைந்தது. மூளைச் செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்து, சோர்ந்து கிடக்கும் செல்லை எழுப்ப வேண்டும். அதற்காக இங்கே ஒரு அணுவைச் சேர்த்து, அங்கே ஒன்றைக் கழற்றி, அவள் இளமை முழுக்க அதிலேயே போயிற்று.

எலிகள் பிழைத்தன. அப்புறம் மனிதர்கள்.

பாதிப் பேருக்கு அசல் மாத்திரை. பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை.

மருந்து வேலை செய்யவில்லை என்று அவரிடம் சொன்னாள்.

அவர் சிரித்தார். யார் சொன்னது என்றார். மாத்திரை சாப்பிட்ட கொஞ்ச நாளிலேயே சட்டைப் பொத்தானைத் தானே போட்டாராம். பக்கத்தில் உட்காரும் காதர் பாய்க்குத்தான் கை நிற்கவே இல்லை. டீ குடித்தால் பாதி சட்டையில்.

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா? பாத்துட்டு நான் மட்டும் எப்படிம்மா முழுங்குறது? என் டப்பால பாதி அவருக்கு, அவரு டப்பால பாதி எனக்குன்னு மாத்திக்கிட்டோம். எங்களப் பாத்து மத்தவங்களும்."

அதன்பின் இவருக்கு நடுக்கம் கொஞ்சம் திரும்பியது. பாய்க்குக் கொஞ்சம் அடங்கியது.

வித்தியாசம் எங்கே போயிற்று என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. யாரைப் போய்த் திட்டுவது?

அவள் முகத்தைப் பார்த்து அவர் பயந்துபோனார். டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"எனக்கு வேண்டாம்மா. பாய்க்கு மட்டும் நிறுத்திடாதீங்க."

வராந்தாவின் அந்தக் கோடியில் காதர் பாய் வந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சலாம் சொல்லக் கையைத் தூக்கினார்.

ரொம்பக் கொஞ்சம்தான் நடுங்கியது.

இத்தனை வருஷத்தில் தன் மருந்தை அவள் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

பாயின் இன்னொரு கையில் அவருடைய டப்பா இருந்தது. திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களே என்று கொண்டுவந்திருந்தார்.