மேசை மேல் கிடந்த ஈசிஜி

ஜீப் கதவு படாரென்று திறந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிய மர வியாபாரியை நர்ஸ் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தாள்.

டாக்டர் ஓடி வந்து மேசை மேல் கிடந்த தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, மாரடைப்பு.

"டிரைவரண்ணே, பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரமாகும்?"

"மலைப்பாதை சார், ரெண்டு மணி நேரம். நான் ஓட்டினா ஒன்றரை," என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர், தோளைத் தேய்த்துக்கொண்டே.

"தோள்ல என்ன?"

"காலையிலேர்ந்து வாயு. என்னை விடுங்க, அவரைப் பாருங்க."

வியாபாரி நீளமாக ஏப்பம் விட்டு எழுந்தார். "வலி போயிடுச்சு டாக்டர். வீட்டுக்குப் போறேன்."

"அசையாதீங்க. இந்த நிலைமையில ஒரு அடி நடந்தாலும் உயிருக்கு ஆபத்து. டிரைவரண்ணே, நீங்களே இவரைத் தூக்கிட்டுப் போய் வண்டியில ஏத்துங்க."

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். நூறு கிலோ உடம்பு.

அதற்குள் இன்னொரு தாளில் பெயர் எழுதி முடித்து நர்ஸ் வந்தாள்.

"டாக்டர், இவரோட ஈசிஜி இதுதான். உங்க கையில இருக்கறது, மிஷின் ஓடுதான்னு பார்க்க காலையில நம்ம டிரைவரண்ணனைப் படுக்க வச்சு எடுத்தது."