சங்கத்து மரம்

“மரத்தக் குடுக்க முடியாதுண்ணே. யாரு வந்து கேட்டாலும் இதான் பதில்.”

பூரணி தன் புது வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

செல்லசாமிக்குக் காது அடைத்தது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அவருடைய கூடப் பிறந்த அண்ணன் பொன்னையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே முடிந்துபோனார். உடலை வைத்த பெட்டி இன்று பின்னேரம் வேனில் வருகிறது. மழையோ விட்டபாடில்லை. பந்தல் போட்டாக வேண்டும். பந்தலுக்கு வேண்டிய மரமெல்லாம் இவள் வீட்டுக்குள் முட்டாக நிற்கிறது.

“அது தோட்டத்து மரணச் சங்கத்து மரம் பூரணி. சாவு விழுந்தா பந்தல் போட வாங்கினது. ஒன் வீட்டுக்கு முட்டுக் குடுக்க வாங்கல.”

“தெரியும்ண்ணே. கூரைக்கு ஸ்லெப் போட்டு இன்னும் ஒரு வாரம்கூட ஆகல. இப்ப முட்ட உருவுனா நடுவுல தொங்கிரும்.”

“கொங்கிறீட்டுதானே? கல்லு மாதிரி இருக்கே!”

“பாக்கத்தான் கல்லு. உள்ளுக்குப் பச்சப் புள்ள. நம்ம குளிருக்கு இறுக நாளாகும். இறுகிட்டா ஆனை ஏறி நின்னாலும் தாங்கும். அதுக்கு முந்தி முட்ட எடுத்தா வளைஞ்சி வெடிச்சிரும். அது பாரத்தத் தாங்குமாம், வளைச்சா மட்டும் தாங்காதாம். பெரியண்ணேதான் சொன்னாரு.”

அண்ணன் சொன்னதை வைத்தே அண்ணனுக்கு மரம் இல்லை என்கிறாள்! செல்லசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூரணிக்கு ஸ்லெப் போட்டுக் கொடுத்த மேசன் பாஸே பொன்னையாதான். அன்று பெரட்டு இல்லாத நாள், யாருக்கும் தோட்டத்தில் வேலையில்லை. லயத்துச் சனமே வரிசையில் நின்று கொங்கிறீட்டைத் தாச்சி தாச்சியாகக் கைமாற்றியது. முட்டுக் கொடுக்க மரம் பத்தாது என்று தெரிந்ததும் சங்கத்து மரத்தை எடுக்கச் சொன்னதும் அவர்தான். சங்கத் தலைவர் செல்லசாமி கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்.

“இந்த ரெண்டு வாரத்துல எவன்டா சாகப் போறான்?” என்று பொன்னையா சிரித்தார்.

வேலை முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது பூரணியிடமும் சொன்னார். “பால் காய்ச்சுற அன்னைக்கு மொத ஆளா நான்தான் உள்ள வருவேன் தங்கச்சி. சாமி படமெல்லாம் எனக்குப் பொறகுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்லசாமியும்தான்.

“குவைத்துக்குப் போயிட்டு வந்ததும் ஒன் மனசும் கொங்கிறீட்டாப் போச்சு” என்றார் இப்போது.

“எட்டு வருசம்ண்ணே...” பூரணி உள்ளே நின்ற முட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“நல்லா இரு. நாளைக்கு ஒன் வீட்டுல ஒன்னுன்னா ஒரு காக்கா குருவி எட்டிப் பாக்காது. சங்கத்துல ஒன் பேர வெட்டுறேன்.”

“வெட்டுங்க. முட்ட மட்டும் கேக்காதீங்க.”

கதவுக்குப் பதிலாக வைத்திருந்த தகரத்தை இழுத்து மூடிக்கொண்டாள்.

செல்லசாமி வழுக்கும் படிகளில் லயத்துக்கு ஏறினார். அழக்கூட இன்னும் நேரம் கிடைக்கவில்லை அவருக்கு.

அண்ணனுக்கு லயத்தில் ஒற்றைக் காம்பரா, ஒரே அறை. பெட்டியை வைத்தால் நாலு பேர் நிற்க இடமில்லை. ஊருக்கெல்லாம் கொங்கிறீட் போட்ட மனுசனின் தலைக்கு மேலே ஓட்டைத் தகரம். உள்ளேயே மூன்று இடத்தில் சட்டி வைத்திருந்தார்கள்.

வாசலில் ஒரு தார்ப்பாய்ப் படங்கை எடுத்து, கூரையில் ஒரு பக்கமும் கொய்யா மரத்தில் மறுபக்கமுமாக இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள். அடித்த காற்றில் அது பிய்த்துக்கொண்டு போய்த் தேயிலைக்குள் விழுந்தது.

“பூரணி என்ன சொன்னா?” என்று கேட்டார் அண்ணி வீரம்மா.

செல்லசாமி சொன்னார். கூடியிருந்த பெண்கள் வாயில் வந்தபடி ஏசித் தீர்த்தார்கள். வீரம்மா யாரையும் ஏசவில்லை.

“அவர மழையில மட்டும் நனைய வச்சிராதீங்க தம்பி. அது போதும்.”

அந்த நேரம் பார்த்து வேன்காரன் போன் பண்ணினான். பொகவந்தலாவை டவுனைத் தாண்டிவிட்டார்களாம். செல்லசாமி மழையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

கீழ்ப் படியில் பூரணி ஏறி வந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். சேலை முழுக்கச் சீமெந்துத் தூசி சேறாகியிருந்தது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் நேரே செல்லசாமியிடம் வந்தாள்.

“கூட்டித் தொடச்சிட்டேன்ண்ணே. கெடந்த பலகையெல்லாம் ஒதுக்கிட்டேன். முட்டுக்கு நடுவுல பெட்டி வைக்க எடமிருக்கு. சனம் உக்காரவும் எடமிருக்கு. வேன நேரா எங்க வீட்டுக்கு விடச் சொல்லுங்க.”

முகத்தைத் திருப்பியிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீரம்மாகூட நிமிர்ந்து பார்த்தார்.

புது வீடென்றால் முதலில் பால் பொங்க வேண்டும். அதற்கு முன் பெட்டி நுழைந்த வீட்டில் நல்லதே நடக்காது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பூரணிக்கும் தெரியும். எட்டு வருடம் குவைத்தில் எச்சில் பாத்திரம் கழுவிக் கட்டிய வீடு அது. செல்லசாமிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

“வேணாம் தங்கச்சி... இன்னும் பால்கூடக் காய்ச்சலயே...”

“மொத ஆளா வருவேன்னு சொன்னாருல்லண்ணே. வரட்டும்.”